பதினொரு குருத்து

திருகோணமலை
1999 மார்ச் 9

அன்புள்ள ஐவி ரீச்சர்,

சுகமாக இருப்பீர்களென்று நம்புகிறேன். முழங்கால் நோவுக்கு அனுப்பிய எண்ணெயைப் பூசினீர்களா, அல்லது வழக்கம்போல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்களா?

நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தாழைமுனையில் குருத்து ஞாயிறு பவனிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இராணுவ முகாமுக்கு ஆறு தரம் போய்வந்தேன். நாலாவது தரம், வாசலில் நின்றவர் எனக்குத் தேத்தண்ணி தந்தார், அவ்வளவுக்குப் பழகிவிட்டோம். சந்தியிலிருந்து சூசையப்பர் கோயில்வரை, காலை ஏழிலிருந்து எட்டுவரை நடக்கலாம். கையில் ஓலை மட்டும் வைத்திருக்கலாம் என்று அனுமதிக் கடிதத்தில் எழுதித் தந்திருக்கிறார்கள்.

முந்தி சீனன்குடாப் பக்கத் தோட்டத்திலிருந்துதான் எங்களுக்குத் தென்னங்குருத்து வரும். அந்தத் தோட்டம் இப்போது கம்பி வேலிக்கு உள்ளே. அதனால் யோசித்தேன்: கோயில் பின்வளவில் பனை வடலிகள் நூறுக்கு மேல் நிற்கின்றனவே. ஒன்றில் ஒரு குருத்து எடுத்தால் போதும், வீட்டுக்கொன்று தாராளமாக வரும். கோயில் சபைச் செயலாளர் சிறிலிடம் சொல்லி, சனிக்கிழமை பின்னேரம் வெட்டுவித்து வையுங்கள். பின்வளவுப் படலைச் சாவியும் உங்கள் கொத்தில்தானே இருக்கிறது.

கடிதத்தை ஐஸ் லொறி அபூதாஹிரிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

ஆண்டவரில்,
பற்றிக் சுவாமி


தாழைமுனை
1999 மார்ச் 13

மதிப்புக்குரிய பற்றிக் சுவாமிக்கு,

(இடையில் இதைத் திறந்து வாசிக்கிற உத்தியோகத்தருக்கும் வணக்கம். இதில் மரத்தைப் பற்றித்தான் இருக்கிறது. சிரமப்பட வேண்டாம்.)

எண்ணெய் பூசினேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

குருத்து வெட்ட ஏலாது.

பவனிக்கு அனுமதி கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்த வடலிகள் எப்படி வந்தவை என்பது உங்களுக்கு மறந்துபோனது பெரிய அதிசயம். 1993, கிறிஸ்மஸுக்கு முந்தின கிழமை. நீங்கள் குருவாகி வந்த புதிது, தலைமயிரும் நிறைய இருந்தது. கடவுள் முதல் மனிதனைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரனாக வைக்கவில்லை, தோட்டக்காரனாகத்தான் வைத்தார் என்று முக்கால் மணித்தியாலம் பிரசங்கம் வைத்தீர்கள். பிறகு பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தீர்கள். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லு என்று விட்டிருந்தால் நாங்கள் சொல்லிவிட்டுப் போயிருப்போம். நீங்களோ, பனங்கொட்டை நடு என்றீர்கள். அதுவும் ஆளுக்கு ஆள் வேறு வேறு எண்ணிக்கை!

பாவம் ரகசியம். பனங்கொட்டை ரகசியமா சுவாமி? அந்தக் கிழமை முழுக்க ஊர் பின்வளவில் ஓலைக் கடகத்தோடு நின்று, ஒருவர் குழியை மற்றவர் எண்ணிக்கொண்டிருந்தது. சிறில் இரண்டு குழியோடு கையைக் கழுவிவிட்டான். அவன் பெண்சாதி கிறிஸ்டின் கிணற்றடியில் நின்று, "இவருக்கு ரெண்டோ? சுவாமிக்குக் காது கேக்கேல்லப் போல" என்று சத்தமாகச் சொன்னாள். என் வரிசையில் நாற்பது. இன்றைக்கும் அதைக் கடந்து போகிறவர்கள் திரும்பி ஒருதரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஐந்து கோடை அந்த வடலிகளுக்குத் தண்ணீர் சுமந்தவள் நான். இந்த முழங்கால் சும்மா பழுதாகவில்லை.

நடச் சொன்னவரே இப்போது தலையை வெட்டச் சொல்கிறீர்கள். எந்தச் சுவாமியின் சொல்லை நான் கேட்பது, அந்தப் பற்றிக் சுவாமியினதா இந்தப் பற்றிக் சுவாமியினதா?

இப்படிக்கு,
கோயில் சாவிக்காரி ஐவி


திருகோணமலை
1999 மார்ச் 17

ஐவி ரீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் வாசித்தபோது இன்னும் கோபம் வந்தது.

ஒரு மரத்தில் ஒரு ஓலை. அவ்வளவுதான் கேட்டேன். மரத்தைத் தறிக்கச் சொல்லவில்லை. ஆண்டவரே எருசலேமுக்குள் வந்தபோது சனம் கிளைகளை வெட்டித்தான் வழியில் பரப்பியது. யாரும் குறுக்கே நின்று, ஐயோ என் மரம் என்று கத்தியதாக நான் வாசிக்கவில்லை. அத்திமரத்தை அவர் சபித்த கதையும் உங்களுக்குத் தெரியும்.

தங்கரத்தினம் ஆச்சிக்கு எண்பத்திரண்டு வயது. போன மாதம் அவவுக்கு வீட்டில் நற்கருணை கொடுக்கப் போனபோது, "சுவாமி, சாகிறதுக்குள்ள ஒருக்கா குருத்தைக் கையில பிடிச்சுக்கொண்டு நடக்கோணும்" என்றா. நான் ஆறு தரம் முகாமுக்குப் போனது அந்தச் சொல்லுக்காக. அவவிடம் போய், மரம் பாவம் ஆச்சி, நீங்கள் சும்மா நடவுங்கோ என்று சொல்வதற்கு என்னால் ஏலாது. வேண்டுமென்றால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். மரம் மனிதருக்கா, மனிதர் மரத்துக்கா?

இன்னொன்று. இந்த வருஷக் குருத்தை எரித்துத்தான் அடுத்த வருஷம் விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுப்பது. இத்தனை வருஷமும் மறைமாவட்டத்திலிருந்து யாசித்து வாங்கிய சாம்பலைத்தான் உங்கள் நெற்றியில் பூசினேன். எங்கள் கோயிலுக்கென்று ஒரு பிடி சாம்பல்கூட இல்லாமல் போகவேண்டுமா?

நான் மூன்று கோயிலைப் பார்க்கிறவன். பயணப் பாஸ் கிடைத்தால், கிண்ணியாத் துறையில் பாதைப் படகு ஓடினால், மாதத்தில் இரண்டு தரம் உங்கள் பக்கம் வருகிறேன். மற்ற இரண்டு கோயிலிலும் மரத்துக்காக எனக்குக் கடிதம் எழுதுகிறவர் ஒருவரும் இல்லை. சனிக்கிழமை படலையைத் திறந்துவிடுங்கள்.

பற்றிக் சுவாமி


தாழைமுனை
1999 மார்ச் 21

மதிப்புக்குரிய சுவாமி,

அத்திமரம் காய்க்காததால் சாபம் வாங்கியது. என் வடலிகள் காய்க்கிற வயதுக்கே இன்னும் வரவில்லை. அவற்றின் நுங்கு எனக்குக் கிடைக்காது, உங்களுக்குக் கிடைக்கலாம். ஆதலால் அந்தக் கதையை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

வடலிக்குக் குருத்து ஒன்றுதான். பதம் பார்த்து மேலே வெட்டத் தெரிந்தவன் வெட்டினால் மரம் ஒரு வருஷம் மெலியும், பிறகு தேறும். எங்கள் ஆட்கள் மீன் வெட்டுகிறவர்கள். கத்தியை அடிக்குக் கொண்டுபோய், பிடித்து இழுப்பார்கள். அடியில் இருக்கிறது அதன் உயிர்.

இப்போது ஒன்று எழுதப்போகிறேன். இதை நான் உங்களிடம் முன்பே ஓரிடத்தில் முழந்தாளில் நின்று சொல்லியிருக்கிறேன். அங்கே கேட்டதை நீங்கள் வாய் திறந்து பேசமாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். ஆகவே இதை இன்றைக்குத்தான் முதல் தரம் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

1990இல் சனமெல்லாம் அகதி முகாமில் இருந்த நேரம், நான் மட்டும் கோயிலோடு நின்றேன்; ஆமிக்காரர் உழவு இயந்திரத்தோடு வந்தார்கள். காவலரணுக்கு மரம் வேண்டும், கோயில் கூரைத் தீராந்திகளைக் கழற்றப்போகிறோம் என்றார்கள். அப்போதிருந்த சுவாமி டவுனில் அகப்பட்டுவிட்டார். சாவி என் கையில். நான் கையை நீட்டிக் காட்டினேன். "பின்னால நாப்பது பனை நிக்குது. அதை எடுங்கோ, கோயிலை விடுங்கோ" என்றேன். மூன்று நாள் தறித்தார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவளும் நான்.

கோயிலைக் காப்பாற்றிய ஐவி என்று ஊர் என்னைத் தூக்கிவைத்தது. அடுத்த வருஷம் மறைப்பில்லாமல் மணல் ஏறியது. அதற்கடுத்த வருஷம் கிணறு உவர்த்தது. அந்தக் கிணற்றில் அள்ளிக் குடித்தது இருபது வீடு, பக்கத்து வேலிக் கனகம்மா வீடு உட்பட. அவர்களுக்கு எங்கள் கோயில் தீராந்தியால் என்ன பிரயோசனம்? கனகம்மா இன்றுவரை என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இரண்டு மைல் நடந்து தண்ணீர் கொண்டுவந்து, எனக்கும் ஒரு குடம் தந்துவிட்டுப் போவாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் காட்டாவிட்டாலும் தறித்திருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். கேட்காமல் தறித்திருந்தால் அது அவர்கள் பாடு. என்னைக் கேட்டார்கள், நான் காட்டினேன். கடவுளுடைய மரத்தைக் கொடுத்துக் கடவுளுடைய வீட்டை மீட்டேன், அவர் என்னைக் கேட்டாரா அப்படிச் செய்யச் சொல்லி?

நீங்கள் பத்துத்தான் சொன்னீர்கள் சுவாமி. நாற்பது நானாக நட்டது. ஒன்றுக்கு ஒன்று. நாற்பதும் முளைத்தது. இன்னொரு தரம் ஒருவருக்குப் படலையைத் திறந்து, அதோ நிற்கிறது எடுங்கள் என்று சொல்ல இந்தக் கை நீளாது.

தங்கரத்தினம் ஆச்சியிடம் நான் போய்ச் சொன்னேன். "எனக்கென்ன, பச்சையா ஏதும் தந்தாச் சரி" என்று சொன்னா. ஆட்டுக்கு வெட்டுகிற வேம்பு ஊர் முழுக்க நிற்கிறது. வேப்பங்குழை ஒழுங்கு பண்ணுகிறேன். நீங்கள் கவலைப்படாமல் வாருங்கள்.

ஐவி


திருகோணமலை
1999 மார்ச் 30

ஐவி ரீச்சர்,

கவலைப்படாமல் வந்தேன். வந்த பலனை நீங்களும் றோட்டில் இருந்து பார்த்தீர்கள்.

வேப்பங்குழை! இந்த யுத்தத்தில், முகாமுக்கு முன்னால், நூற்றைம்பது பேருடைய கையில் குழை! குழையைக் கட்டிக்கொண்டு பற்றைக்குள் யார் நகர்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? ரீச்சராக இருந்தவர் நீங்கள். காவலில் நின்ற பொடியன் விசில் ஊதியது நியாயம். நான் அவனிடத்தில் நின்றாலும் ஊதியிருப்பேன். அனுமதிக் கடிதத்தை நீட்டினேன். அதிகாரி அதை வாசித்தார், என் கையைப் பார்த்தார், திரும்பவும் வாசித்தார். எழுத்தில் ஓலை, கையில் வேப்பிலை. என்ன சொல்வது நான்? எங்கள் சாவிக்காரி படலையைத் திறக்கவில்லை என்று சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மணித்தியாலம் வெயிலில் இருத்தி ஒவ்வொரு குழையாக உதறிப் பார்த்தார்கள். சிவப்புப் பூசை உடுப்போடு நானும் தார் றோட்டில் இருந்தேன். தங்கரத்தினம் ஆச்சி மயங்கி விழுந்தா. வேலிக்கு அங்காலே கனகம்மா நின்று, "என்ன சுவாமி, அம்மன் திருவிழாவோ?" என்று கேட்டபோது உங்கள் சனமே சிரித்தது. அடுத்த வருஷம் அனுமதி கேட்டு நான் எந்த முகத்தோடு போவேன்?

நீங்கள் எழுதியதை நான் மதிக்கிறேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன். ஆனால் உங்கள் மனப்பாரத்துக்கு முழுச் சனமும் வெயில் காயவேண்டுமா? கோயில் சாவிக்கொத்தைச் சிறிலிடம் கொடுத்துவிடுங்கள். இது கோபத்தில் எழுதுவதல்ல. சரி, கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனாலும் கொடுத்துவிடுங்கள்.

பற்றிக் சுவாமி


தாழைமுனை
1999 ஏப்ரல் 6

சுவாமி,

சாவி கேட்ட அன்றே கொடுத்துவிட்டேன். இருபத்தொரு வருஷம் என் இடுப்பில் கிடந்தது. இப்போது நடக்கும்போது சத்தமே இல்லை, எனக்கே யாரோ போலிருக்கிறது.

ஆச்சி மயங்கியது என் பிழை. போய் மன்னிப்புக் கேட்டேன். "நல்ல பகிடி பிள்ளை, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வயிறு நோகச் சிரிச்சனான்" என்றா. வேப்பங்குழையைச் சுவாமிப் படத்துக்குமேல் செருகி வைத்திருக்கிறா.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். பெரிய வியாழக்கிழமை, சாவி கை மாறி இரண்டாம் நாள், சிறில் பின்வளவுக்குள் போய்ப் பதினொரு குருத்து வெட்டியிருக்கிறான். படலைக்குக் கிட்டவாக இருப்பது என் வரிசை, அதனால் பதினொன்றும் என் வரிசையில். நான் பயந்தபடியே அடியில் கத்தியை வைத்து இழுத்திருக்கிறான். யாருக்கு, எதற்கு என்று கேட்டால், "கோயில் அலுவல் ரீச்சர்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பவனிதான் முடிந்துவிட்டதே. உங்களுக்கு இதைப்பற்றித் தெரியுமா?

ஐவி


திருகோணமலை
1999 ஏப்ரல் 20

ஐவி ரீச்சர்,

கடிதம் கிடைத்தது. சிறிலோடு கதைக்கிறேன்.

துறையில் கெடுபிடி கூடியிருக்கிறது. வைகாசிப் பூசைக்கு வர ஏலாது போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களே முன்னின்று செபம் சொல்லுவியுங்கள்.

பற்றிக் சுவாமி


தாழைமுனை
1999 நவம்பர் 18

மதிப்புக்குரிய சுவாமி,

ஏழு மாதமாக நான் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை, பாஸ் இல்லாததால் வரவும் இல்லை. ஊரில் நடந்ததை அபூதாஹிர் சொல்லியிருப்பார். என்றாலும் நானும் எழுதிவைக்கிறேன்.

ஆடியில் முகாமைச் சுற்றிப் பற்றை எரித்தார்கள். கச்சான் காற்று தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பின்வளவுக்குள் போட்டது. கோயிலுக்கு ஒன்றும் இல்லை. வடலி முழுக்க எரிந்தது. கனகம்மாவும் பெண்களும் உவர்க் கிணற்றிலிருந்துதான் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். சிறில் கைகால் சுட்டுக்கொண்டு உள்ளே ஓடினான், அதையும் சொல்லவேண்டும். ஒன்றும் ஏலவில்லை. மறுநாள் பார்த்தால் கறுப்புக் குற்றிகள் நூற்றுப்பத்து. நான் அன்றைக்குக் கோயிலுக்குள் போகவில்லை. உள்ளே போனால் அவரிடம் என்ன கதைத்திருப்பேனோ தெரியாது.

ஐப்பசி மழை விழுந்தது. போன கிழமை கனகம்மா வேலியால் கூப்பிட்டாள். "ஐவி, வந்து பாரடி." போய்ப் பார்த்தேன். கரியின் நடுவால் பச்சை வந்துகொண்டிருக்கிறது சுவாமி. விரல் நீளத்துக்குக் குருத்து. ஓலை எரிந்தாலும் உள்ளே இருந்தது எரியவில்லை. நான் அந்தக் கரிக்குள் இருந்து அழுதேன், கனகம்மா என்னைப் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது.

எண்ணிப் பார்த்தேன், எனக்கு அது பழக்கமாகிவிட்டது. மற்ற எல்லாரும் நட்டதும் வந்திருக்கிறது, சிறிலின் இரண்டும் உட்பட. என் வரிசையில் இருபத்தொன்பது வந்திருக்கிறது. வராதது பதினொன்று. எந்தப் பதினொன்று என்று நான் எழுதத் தேவையில்லை.

சிறில் ஊரில் தலை காட்டாமல் திரிகிறான். கிறிஸ்டின் அவனுக்குச் சோறு போடுவதற்கு முன்னால் ஏசிவிட்டுத்தான் போடுகிறாளாம்.

ஐவி


திருகோணமலை
2000 பெப்ரவரி 21

அன்புள்ள ஐவி ரீச்சர்,

இதை எழுதத் தொடங்கிக் கிழித்தது நாலு தரம்.

சிறிலை ஏசவேண்டாம் என்று கிறிஸ்டினிடம் சொல்லுங்கள். குருத்து வெட்டச் சொன்னது நான். சாவியைக் கேட்டு உங்களுக்கு எழுதிய அன்றே சிறிலுக்கும் ஒரு துண்டு எழுதி அபூதாஹிரிடம் கொடுத்துவிட்டேன். ரீச்சருக்குச் சொல்லவேண்டாம் என்றும் அதில் எழுதினேன். சாம்பலுக்கு என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் சொல் செல்லவேண்டும் என்ற வீம்புதான். றோட்டில் இருந்த அவமானம் தீரவில்லை. உங்கள் வரிசையில் வெட்டு என்று நான் எழுதவில்லை. ஆனால் எங்கே வெட்டவேண்டாம் என்றும் எழுதவில்லை.

நீங்கள் நேரே கேட்டபோது, சிறிலோடு கதைக்கிறேன் என்று எழுதினேன். பத்து மாதமாக ஒரு மனிதன் என் பிழையைச் சுமந்துகொண்டு திரிகிறான், நானோ இங்கே இரக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் வைக்கிறேன். தோட்டக்காரனைப் பற்றி இப்போது பிரசங்கம் வைப்பதில்லை. வாய் வருவதில்லை.

அந்தப் பதினொரு குருத்தும் என் அறையில் அலுமாரிக்குமேல் கிடக்கின்றன. நன்றாகக் காய்ந்துவிட்டன. மார்ச் எட்டாம் திகதி விபூதிப் புதன். எரிக்கவேண்டும். நெருப்புப் பெட்டியை எடுக்கிறேன், திரும்ப வைத்துவிடுகிறேன். உங்கள் பின்வளவுக் கரியில் ஒரு டப்பா அரித்து அனுப்புவீர்களா? கேட்க எனக்கு உரிமை இல்லை. பாஸ் கிடைத்துவிட்டது, அன்றைக்குத் தாழைமுனைக்கு வருகிறேன்.

சாவியைச் சிறில் உங்களிடம் திருப்பித் தருவான்.

பற்றிக்


தாழைமுனை
2000 பெப்ரவரி 26

மதிப்புக்குரிய சுவாமி,

சாவி வந்துவிட்டது. சிறிலுக்கும் கிறிஸ்டினுக்கும் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கிறிஸ்டின் எழும்பிப் போய், அவனுக்கு மீன் பொரித்தாள்.

உங்கள் துண்டு என்னிடம் இருக்கிறது. குருத்து வெட்டிய அன்று பின்னேரமே சிறில் அழுதுகொண்டு கொண்டுவந்து தந்துவிட்டான். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டு எழுதினேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்தேன். சிறிலிடமும், "சுவாமி சொல்லுமட்டும் நீ வாய் திறக்காத" என்றேன். அது நான் அவனுக்குச் செய்த அநியாயம். பெண்சாதியின் ஏச்சையும் கேட்டுக்கொண்டு, அவனும் திறக்கவில்லை. அவனுக்கு இரண்டு பனங்கொட்டை போதும் என்று நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரிதான் போலிருக்கிறது. சரியான கோபம் சுவாமி எனக்கு, இன்னும் போகவில்லை, போனதாக நினைத்துக்கொண்டு வரவேண்டாம்.

கரி அனுப்பமாட்டேன். அதைப் பெண்கள் வடலி அடியிலேயே கூட்டி வைத்துவிட்டார்கள், அது வேருக்கு. நீங்கள் அந்தப் பதினொரு குருத்தையும் எரியுங்கள். அலுமாரிக்குமேல் வைத்திருந்தால் திரும்பவும் முளைக்குமா? எரித்து, அரித்து, நீங்களே கொண்டுவந்து எங்கள் நெற்றியில் பூசுங்கள். என் நெற்றியிலும் பூசுங்கள், நானும் ஒரு காலம் கை நீட்டிக் காட்டினவள்தான். கனகம்மாவும் வருவதாகச் சொல்கிறாள். திருநீறு எந்தக் கோயிலில் பூசினாலென்ன என்பது அவள் கட்சி. அவளோடு நீங்களே வாதாடிக்கொள்ளுங்கள்.

பிறகு ஆவணியில் வாருங்கள். கனகம்மா வளவில் பனம்பழம் விழும். வரிசையில் பட்டுப்போன பதினொரு குற்றியையும் கிளப்புவித்துவிட்டேன், இடம் வெறுமையாகக் கிடக்கிறது. எத்தனை என்று நான் சொல்லமாட்டேன், பரிகாரம் சொல்வது என் வேலையில்லை. மண்வெட்டி கோயில் குசினிக்குள் இருக்கிறது. படலையைத் திறந்துவிடுவேன். குழி நீங்கள்தான் தோண்டவேண்டும், எனக்கு முழங்கால் ஏலாது.

ஊர்ச் சனம் கடகத்தோடு வந்து நிற்கும், உங்கள் குழியை எண்ணும். எண்ணட்டும்.

ஐவி